உன் கேம் முடிந்ததை டீக்கடையில் பார்த்தேன்

நைனா,

மேல் வீட்டில் நீ, கீழ் வீட்டில் நான். குரல் கொடுத்தால் கேட்கிற தூரத்தில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாய் உட்கார்ந்திருக்கிறாள் என்று சிரிப்பாய். தூரம் கிட்டதான், ஆனால் உன் காதில் எந்நேரமும் அந்தக் கறுப்பு ஹெட்போன் இருக்கிறதே. அதோடு, நேரில் சொன்னால் பாதியிலேயே "சூப்பர்மா, இத்த உள்ள போட்டுர்லாம்" என்று நான் சொன்னதையும் கேமுக்குள் போட்டுவிடுவாய். எழுதிக் கொடுத்தால் முழுசாகப் படித்துத்தான் ஆகவேண்டும். நான் படித்தது அஞ்சாங்கிளாஸ். தப்பு இருந்தால் டைப் அடிக்கும்போது கீதா திருத்தட்டும். ஆனால் திருத்திக்கொண்டே உட்காராதே, ஒரே நாளில் போட்டுவிடு என்று மருமகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உன் கேமுக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு நீ மாசாமாசம் எழுதுவாயே, அந்தப் பக்கத்திலேயே இதுவும் வரும். அவர்களும் படிக்கட்டும். வெளியூரில் இருந்து காத்திருக்கிறவர்களுக்கும் புரியவேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே சில இடத்தில் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல் நீ சொன்னாய். "அம்மா, வெள்ளிக்கெயம ரிலீஸ் வேணாம்னு பாக்கறேன். மணலி ரோட்டையும் உள்ள கொண்டாந்துட்டா முழுசாயிடும். ஒரு ஆறு மாசம். நீ இன்னும் கொஞ்சம் டயலாக் பேசிக் குடுக்கணும்." உங்கப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ லைன முடிக்கறதுக்குள்ள பக்கத்துல இன்னொரு ஹார்பரே கட்டிடுவான்" என்றார். நீ சிரித்தாய். கீதா சிரிக்கவில்லை. உன் கூட்டாளி ஜோசப் தன் தட்டையே பார்த்துக்கொண்டு மீன் முள்ளை ஓரமாய் அடுக்கிக்கொண்டிருந்தான். நான், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாய் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். என் மகன் செய்திருக்கிற வீடியோ கேமுக்கு 'லைன்ல கீது' என்று பேர். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்குள் போக கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாய் நிற்குமே, அந்த வரிசைதான் கதை. ஓனர் போன் போட்டு "எங்கடா கீது வண்டி?" என்று கத்துவார், டிரைவர் "லைன்ல கீது ஓனரே" என்பான். அதுதான் பேர். ஆடுகிறவர் ஒரு டிரைவர். முன் வண்டியின் சிவப்பு லைட்டு அணைந்தால் அது நகரப் போகிறது என்று அர்த்தம், நாமும் வண்டியை எடுக்கவேண்டும். தூங்கிவிட்டாலோ கதை பேசி நின்றுவிட்டாலோ பக்கத்து வண்டிக்காரன் நடுவில் சொருகிவிடுவான். இடையில் இறங்கலாம், கேனில் தண்ணீர் பிடிக்கலாம், டிரைலருக்கு அடியில் ஸ்டவ் வைத்துச் சோறாக்கலாம், வீட்டுக்குப் போன் பேசலாம். கேட்டுக்குள் வண்டி போய்விட்டால் ஆட்டம் முடிந்தது. சுட்டுத் தள்ளுவது, கார் பறப்பது ஒன்றும் கிடையாது. இதை யார் ஆடுவார்கள் என்று முதலில் நானும் நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த ரோட்டோரத்தில்தான் நான் தள்ளுவண்டியில் இட்லி விற்றேன், நீ வண்டிக்கு அடியில் சாக்கு விரித்துப் படித்தாய். டிரைவர்கள் தட்டை வாங்கி இரண்டு வாய் வைத்திருப்பார்கள், அதற்குள் முன்னால் லைட்டு அணையும். அவர்கள் வாயில் இட்லியோடு என்னைப் பார்த்து நிற்பார்கள், நான் ரோட்டைப் பார்த்து நிற்பேன். "முன்வண்டி நகந்துருச்சு, தட்ட வெச்சிட்டு ஓடு!" என்று நான்தான் கத்துவேன். எச்சில் கையோடு ஓடுவார்கள். என் கடையில் நிதானமாய்ச் சாப்பிட்டு முடித்துக் கை கழுவின டிரைவரை நான் அதிகம் பார்த்ததில்லை. கேமிலும் ஒரு இட்லிக்காரம்மா இருக்கிறாள், அவளுக்கு என் குரலைத்தான் வைத்திருக்கிறாய். அதே வார்த்தையைச் சொல்லச் சொல்லி, தலையணைக்கு நடுவில் என்னை உட்காரவைத்து ரெக்கார்டு பண்ணினாய். "கொஞ்சம் மெதுவா சொல்லும்மா" என்றாய். "மெதுவா சொன்னா எவன்டா ஓடுவான்?" என்றேன். அந்தக் கோபத்தையும் சேர்த்து உள்ளே வைத்துவிட்டாய். பேரப்பெண் யாழினி கேமில் என் வண்டிக்கு வந்து, இட்லியை வாங்கிவிட்டு, வேண்டுமென்றே நகராமல் நின்று, ஆயா திட்டுவதைக் கேட்டு உருண்டு உருண்டு சிரிக்கிறாள். எனக்கு இதைவிட என்ன பெருமை வேண்டும்.

நீ செய்திருக்கிறதைப் பார்த்து நான் எத்தனை தடவை அசந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. முன் கண்ணாடியில் நேரம் ஆக ஆக தூசி படிகிறதே, துடைத்தால் வைப்பர் போன இடம் மட்டும் வளைவாய்த் தெளிகிறதே, அதற்கு நீ மதிய வெயிலில் ரோட்டோரம் உட்கார்ந்து லாரிக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று டயர்க்கடைக்காரர் என்னை வந்து விசாரித்தார். பிரேக்கில் காத்து விடுகிற சத்தம், ஒருத்தன் வண்டியை ஸ்டார்ட் பண்ணினால் பின்னாலேயே எல்லா வண்டியும் ஒவ்வொன்றாய் இருமுகிற சத்தம், மணலிப் பக்கம் வானம் செவந்து கிடப்பது, எல்லாம் அப்படியே இருக்கிறது. என் வண்டியை ஊரில் இருக்கிற எத்தனையோ பேர் தினமும் தாண்டிப் போனார்கள். நீ ஒருத்தன்தான் அதை இத்தனை உற்றுப் பார்த்திருக்கிறாய்.

இப்போது சரோஜா கதைக்கு வருகிறேன். முதன்முதலாய் என் போனில் நீ கேமை ஏற்றிக் கொடுத்தபோது நான் வரிசையின் கடைசியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாய் நகர்ந்து டோல்கேட் வரைக்கும் வந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து உலை பொங்கிவிட்டது. பக்கத்து வீட்டு சரோஜாவைக் கூப்பிட்டு, "தே, இத்த கொஞ்சம் புடி. வண்டி நகந்தா குரல் குடு, சோத்த வடிச்சிட்டு வந்துர்றேன்" என்று கொடுத்துவிட்டு ஓடினேன். சரோஜா பாவம், இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு, வாசப்படியில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள். நீ மாடியில் இருந்து இறங்கி வந்தாய்.

"இன்னாக்கா பண்ற?"

"கம்முனு இருடா. உங்கம்மா வண்டி லைன்ல கீது. பேச்சு குடுத்தா நான் உட்டுருவேன்."

"அம்மா! அது தானா நின்னுக்கும்மா. நீ வெச்சிட்டுப் போனா அங்கியும் எல்லாம் நின்னுடும்."

நான் கரண்டியோடு வெளியே வந்தேன். "லைன் எப்டிரா நிக்கும்? நீ ஒண்ணுக்குப் போனா உனக்காக ஊரே நிக்குமா?"

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பாதிச் சிரிப்பில் உன் கண் வேறெங்கோ போய்விட்டது. அப்படியே மாடி ஏறிப் போய்விட்டாய், சோற்றுக்குக்கூட வரவில்லை. அப்பறம் கேமில் அந்த விஷயம் வந்தது. இறங்கிப் போகிறபோது பின் வண்டி டிரைவரிடம் 'பாத்துக்கோ' என்று சொல்லிவிட்டுப் போகலாம். அவன் நல்லவனாய் இருந்தால் உன் வண்டியையும் சேர்த்து நகர்த்திவைப்பான். தூங்குமூஞ்சியாய் இருந்தால் உன் இடம் போச்சு. போவதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்து நீயே முடிவு பண்ணவேண்டும். கேம் மொத்தத்திலும் அழகு அதுதான் என்று ஜோசப் சொன்னான். எனக்கும் அப்படித்தான்.

ஆனால் அன்றைக்குப் பிடித்த பழக்கம் இன்றைக்கும் உன்னை விடவில்லை. யார் எதைச் சொன்னாலும் உள்ளே போட்டாய். உங்கப்பா பழைய வண்டிக்கு ஹாரன் வேற மாதிரி என்றார், ஹாரன் மாறியது. மழை இல்லாமல் ரோடா என்றார் ஒருத்தர், மழை வந்தது. தூத்துக்குடியில் இருந்து ஒரு பையன் நாய் வேண்டும் என்று எழுதினான், நாய் வந்தது, அந்த நாய்க்குக் குட்டியும் வந்தது. நீ இதை ஆரம்பிக்கும்போது கீதா முழுகாமல் இருந்தாள். யாழினி இப்போது எழுத்துக் கூட்டி உன் கேமின் பேரைப் படிக்கிறாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் நீ போட்டது எல்லாமே நல்லா இருக்கிறது. அதுதான் பேஜாரே. மோசமாய் இருந்தால் நிறுத்து என்று என்றைக்கோ சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜோசப் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நின்றான். ராயபுரத்துப் பையன், சின்ன வயசில் இருந்து உன்னோடு திரிகிறவன், அந்தக் கேமில் தெரிகிற படம் அத்தனையும் அவன் கை. பெங்களூரில் அவனுக்கு வேலை வந்திருக்கிறது. உனக்காக ஒரு தடவை தள்ளிப்போட்டுவிட்டான். இன்னொரு தடவை தள்ளினால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். அவன் போய்விட்டாலோ உன் கேமில் மேற்கொண்டு ஒரு படம்கூட நகராது. "நீயே அவங்கிட்ட சொல்லேன்டா" என்றேன். "சொன்னா கோச்சிகினா பரவால்ல ஆன்ட்டி. அவன் 'சரி நீ போ, நானே வரையறேன்'னு சொல்லிட்டு உக்காந்துருவான். அவனுக்கு வரையவே வராது" என்றான். சிரித்துவிட்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை தாண்டினால் கேம் மட்டும் இல்லை நைனா, அவனையும் விட்டுவிடுவாய்.

எப்போது முடிந்தது என்று சொல்வது உனக்கு ஏன் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு நாள் தண்ணி லாரிக்கு இரண்டு பேரும் குடத்தோடு நிற்கும்போது நீயே சொன்னாய். "முடிஞ்சிடுச்சுன்னு சொல்லிட்டா, அதுக்கப்பறம் கீற கொறையெல்லாம் என்னோடதும்மா. இப்ப எவனாச்சும் கொறை சொன்னா, இன்னும் முடியலன்னு சொல்லிக்கலாம்ல?" அன்றைக்கு வீட்டுக்கு வந்து நானும் யோசித்துப் பார்த்தேன். இட்லி வெந்ததா என்று குத்திப் பார்ப்பது மாதிரி ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்ப்பாய். இட்லியில் விரல் ஒட்டாவிட்டால் வெந்தது, அவ்வளவுதான். வீடு கட்டினால் பால் காய்ச்சுகிற நாள் இருக்கிறது. உன் வேலையில் குத்திப் பார்க்கவும் ஒன்றும் இல்லை, பால் காய்ச்சவும் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த எந்த வேலையும் இதற்கு ஒத்துவரவில்லை. அதனால் தெரியாத வேலைக்குப் புத்தி சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், போன வாரம் டீக்கடைக்குப் போகிற வரைக்கும்.

யாழினிக்குத் தின்னப் பொறை வாங்கப் போனேன். வண்டி ஓட்டுவதை விட்டுவிட்ட மணி அண்ணனும் பாயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், ஆடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நீ போனில் ஏற்றிக் கொடுத்தாயே, அந்த இரண்டு பேர்தான். இரண்டு டீயும் ஏடு கட்டிக் கிடந்தது. மணி அண்ணன் போனைக் கையில் பிடித்தபடி கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

"உன்னிய நம்பித்தானே பாய் உட்டுட்டுப் போனேன்? மாத்திரை வாங்கினு வர்றதுக்குள்ள என் எடத்த எவனுக்குத் தானம் பண்ண?"

"அவன் பொண்டாட்டிக்கு வலி கண்டுருச்சாம்டா. கைய கூப்பிக்கினு நிக்கறான். இன்னா பண்ணச் சொல்ற?"

"அது டூப்பு பாய்! லைன்ல நிக்கற அத்தினி பேரும் அதான் சொல்லுவான். நானே சொல்லிகீறேன். எனக்குக் கல்யாணம் ஆவறதுக்கு முன்னாடியே சொல்லிகீறேன்!"

"நெசமா இருந்தா?"

"நெசமா இருந்தா பஸ்ஸு புடிச்சுப் போவட்டும். கன்டெய்னர எதுக்கு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறான்?"

டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தட்டிக்கொண்டே, "பாய் செஞ்சது கரெக்ட்டு" என்றார். "நீ ஆத்துறத மட்டும் பாரு" என்று மணி அண்ணன் அவர் மேலும் பாய்ந்தார். பாய் நிதானமாய்ச் சொன்னார்: "டேய், பொய்யின்னா அந்தப் பாவம் அவனோட. உடாம போயி, அது நெசமா இருந்துச்சுன்னா அந்தப் பாவம் யாரோட? உன் வண்டிலதான் ஏறும்." மணி அண்ணன் ஆறின டீயை ஒரே மடக்காய்க் குடித்தார். "சரி உடு. முன்னாடி பஞ்சர்க்கட பள்ளம் வருது, அங்க ஒயுங்கா ஒடிச்சுப் போ" என்று போனைத் திரும்ப பாயிடம் கொடுத்தார்.

நான் கையில் பொறையோடு நின்றுகொண்டிருந்தேன். உன்னைப் பெற்றவள் நிற்கிறேன், ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உன் மகன் நன்றாகச் செய்திருக்கிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. கேம் என்று சொல்லவில்லை, போன் என்று சொல்லவில்லை. முதலில் எனக்குச் சுருக்கென்றது. அது என் மகன் செய்ததுடா என்று வாய்வரைக்கும் வந்தது. அப்பறம்தான் உறைத்தது. அவர்கள் நீ செய்ததைப் பற்றியே பேசவில்லை. அவர்களுக்கு நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே வைத்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவர்களுக்கும் நீ சொல்லியிருப்பாய். தெரிந்தும், மாத்திரை வாங்கப் போன மனுசன் போனைப் பையில் போட்டுக்கொண்டு போகவில்லை, இன்னொருத்தர் கையில் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார், நான் சரோஜாவிடம் கொடுத்த மாதிரியே.

அந்த பஞ்சர்க்கடைப் பள்ளத்தையும் கவனித்தாயா? அங்கே பள்ளமே கிடையாது. அது உன் தப்பு. அந்த இடத்தில் டிரைலரின் பின்சக்கரம் ரோட்டுக்குள் முழுகிவிடுகிறது, எப்படிச் சரி பண்ணினாலும் திரும்ப வருகிறது என்று நீ முடியைப் பிய்த்துக்கொள்கிறாயே, அதேதான். அவர்கள் அதற்குப் பள்ளம் என்று பேர் வைத்து, ஒடித்துப் போகப் பழகிவிட்டார்கள். குறையெல்லாம் உன்னுடையது ஆகிவிடும் என்றாய். ஆகவில்லை பார், ரோட்டோடது ஆகிவிட்டது. நம்ம ரோட்டில் பள்ளம் இருக்கிறது என்று எந்த டிரைவராவது லைனுக்கு வராமல் இருந்திருக்கிறானா?

வீட்டுக்கு வந்து நேராக மாடி ஏறினேன், கேமில் பொண்டாட்டிக்கு வலி என்ற அந்த டிரைவர் சொன்னது நிஜமா, பொய்யா என்று உன்னைக் கேட்க. நீதானே அவனை உள்ளே வைத்தவன், உனக்குத் தெரியும். பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். நீ ஒரு பதில் சொல்லிவிட்டால் டீக்கடைச் சண்டை அதோடு செத்துப்போகும். அவர்கள் உன்னைக் கேட்காமலே சண்டை போடட்டும் என்று இறங்கி வந்துவிட்டேன். யார் கேட்டாலும் நீயும் சொல்லாதே. எனக்கும் சொல்லாதே.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் நைனா. நீ செய்த ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போடும்போது உன் பேர் அதில் வரவில்லை என்றால், அது உன் கையை விட்டுப் போய்விட்டது. அதற்கு அப்பறம் நீ அதில் போடுவது எல்லாம் அடுத்தவர் வீட்டுச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற கதை. மணலி நல்ல ரோடு. டேங்கர் லாரியும் புகையும், அங்கே கதைக்கா பஞ்சம்? ஆனால் அது வேறு வண்டி. வேறு கேமாய்ச் செய். பெங்களூரில் வேலை ஒரு நிலைக்கு வந்ததும் அங்கிருந்தே ஜோசப் வரைந்து அனுப்புவான், நான் கேட்டுவிட்டேன், சரி என்றான். இந்த வண்டியில் அந்த லோடை ஏற்றாதே.

அதனால் நீ கேட்ட டயலாக்கை நான் பேசித் தரமாட்டேன். குரல் இருக்கிறது, மனசும் இருக்கிறது, ஆனாலும் மாட்டேன். என் குரல் இல்லாமல் வேறு யாரையாவது வைத்துப் பண்ணிவிடலாம் என்று நினைக்காதே, சரோஜாவிடமும் சொல்லிவைத்திருக்கிறேன், தெருவில் ஒரு பொம்பளையும் வாயைத் திறக்கமாட்டாள். வெள்ளிக்கிழமை காலையில் எல்லாரும் எடுத்துக்கொள்கிற இடத்தில் இருந்தே என் போனிலும் எடுத்துக்கொள்வேன். நீ முன்னால் ஏற்றிக் கொடுத்ததை அழித்துவிட்டேன். டோல்கேட் வரைக்கும் வந்த என் இடமும் அதோடு போச்சு. போகட்டும், எல்லாரையும் மாதிரி வால்முனையில் இருந்து நின்று வருகிறேன். என் கணக்கில் எனக்கு முன்னால் மணி அண்ணன் நிற்பார், பின்னால் உன் பேரே தெரியாத யாரோ நிற்பார்கள், அவர்கள் முகத்தைப் பார்த்து வண்டியை ஒப்படைத்துவிட்டு நான் சோறு வடிக்கப் போவேன்.

புதுசாய் ஒன்றும் பேசமாட்டேன் என்றேன். பழசு ஒன்று ஏற்கெனவே உன்னிடம் இருக்கிறது. எத்தனையோ தடவை ஹெட்போனில் போட்டுப் போட்டுக் கேட்டிருப்பாய், யாரோ டிரைவருக்குச் சொல்கிறாள் என்று. இந்த ஒரு தடவை உனக்குச் சொல்வதாய்க் கேள்.

முன்வண்டி நகந்துருச்சு. தட்ட வெச்சிட்டு ஓடு.

உன் இட்லிக்காரம்மா